பூனை மேல் பூசுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். எங்கள் பூனைக்கு இரண்டு வயது. வெளியே விடுவதே இல்லை. கொஞ்ச நாளாக வாலுக்கு மேலே முதுகை விடாமல் நக்குகிறது, கடிக்கிறது. முடி கொட்டிச் சிவந்திருக்கிறது. மாமியார் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அவர் நாய்க்கு விடும் சொட்டு மருந்தைத் தருகிறேன் என்கிறார். இது போதாதென்று, ராத்திரி போர்வைக்குள் கால் அசைந்தால் பாய்ந்து கடிக்கிறது. இதெல்லாம் கோபமா, நோயா?

ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தச் சொட்டு மருந்து. தயவுசெய்து வாங்காதீர்கள். நாய்களுக்கான தெள்ளுப்பூச்சி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாய் அதைத் தாங்கும். பூனையின் கல்லீரலுக்கு அதை முறித்து வெளியேற்றும் சக்தி மிகக் குறைவு. உடல் நடுங்கி, வலிப்பு வந்து, உயிரே போகலாம். பீனால் கலந்த கிருமிநாசினிகளும் டீ ட்ரீ எண்ணெயும் பூனைக்கு விஷம்தான். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் நம் தோலில் பூசினால் தோலோடு நிற்கும், பூனையிடம் அப்படி நிற்காது. அது விழித்திருக்கும் நேரத்தில் கால்வாசி வரை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே போகிறது. கொட்டாவி விடும்போது அதன் நாக்கைக் கிட்டத்தில் பாருங்கள். தொண்டைப் பக்கம் வளைந்த சிறு முட்கள் வரிசையாக இருக்கும். நம் நகத்தில் உள்ள அதே கெரட்டினால் ஆனவை. ஒவ்வொரு முள்ளின் நுனியும் குட்டிக் கரண்டி போலக் குழிந்திருப்பதையும், அந்தக் குழி எச்சிலை அள்ளி முடிக்கு அடியில் தோல் வரை கொண்டுசேர்ப்பதையும் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். இப்படிப்பட்ட நாக்கிடமிருந்து வேப்பெண்ணெய் தப்பாது. அது வயிற்றுக்குள் போவது நல்லதல்ல.

நீங்கள் சொல்லும் இடத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் தெள்ளுப்பூச்சி மேல்தான் சந்தேகம். வெளியே போகாத பூனைக்கு எப்படி என்று கேட்பீர்கள். மாடிப்படியில் தெருப்பூனை படுத்தாலே போதும், நம் காலோடும் துணியோடும் உள்ளே வந்துவிடும். பல் நெருக்கமான சீப்பால் அந்த இடத்தை வாரி, விழும் கருப்புத் துகளை நனைத்த வெள்ளைத் துணியில் வையுங்கள். சுற்றிலும் துருச் சிவப்பாகப் பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். ஒன்றுமே விழவில்லை என்றாலும் தெள்ளு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பூனையே நக்கி விழுங்கியிருக்கும். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு நாலைந்து கடியே போதும்.

அரிப்பு அதிகமில்லாமல் வட்டவட்டமாக முடி கொட்டிச் செதிலாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது வீட்டில் எல்லோருக்கும் தொற்றும். எதுவானாலும் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தானே, இந்த வாரமே போய்விடுங்கள். அதுவரை குளிப்பாட்ட வேண்டாம்.

சரி, கால் கடிக்கு வருவோம். அது கோபமில்லை. பூனை வேட்டைக்குப் பிறந்தது, விடியலிலும் அந்தியிலும் அதற்குச் சுறுசுறுப்பு அதிகம். பகலெல்லாம் நான்கு சுவருக்குள் சும்மா கிடந்த பூனைக்கு, போர்வைக்குள் அசைகிற உங்கள் கால் எலிதான்.

தூங்கப் போகும் முன் பத்து நிமிடம் விளையாடுங்கள். குச்சி நுனியில் துணியோ இறகோ கட்டி, பூனையை விட்டு விலகி ஓடுகிற மாதிரி இழுங்கள். முகத்துக்கு நேரே ஆட்டினால் அதற்குப் பிடிக்காது, எந்த எலியும் பூனையை நோக்கி வராதே! மேசைக் காலுக்குப் பின்னால் மறைத்து, ஒரு நொடி நிறுத்துங்கள். கண்மணி விரியும், உடம்பு தரையோடு படியும், பின்பக்கம் லேசாக ஆடும், அப்புறம் பாய்ச்சல். கடைசியில் கட்டாயம் பிடிக்க விடுங்கள். லேசர் ஒளியில் குறையே இதுதான், பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. பிடித்ததும் சாப்பாடு வையுங்கள். தின்று, நக்கிவிட்டுத் தூங்கிப்போகும். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் ஐந்து பத்து நிமிடம் விளையாடக் கிடைத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. வேட்டை ஆசை விளையாட்டிலும் தணியும் என்று நம்ப இது எனக்குப் போதும்.

கையையோ காலையோ விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். ஆடி முடித்ததும் குச்சியை அலமாரிக்குள் வையுங்கள். பூ கட்டும் நூலையும் எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிய நூல் குடலை அறுத்துவிடும். கடித்து ரத்தம் வந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்கு மருத்துவமனை போங்கள். பூனைக்குத் தடுப்பூசி போடவில்லை என்றால் வேப்பேரியில் அதையும் கேளுங்கள்.

தெள்ளுதான் என்று உறுதியானால், மருந்தை ஒரு மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். முட்டை, புழு, புழு கட்டிய கூடு எல்லாம் மெத்தை இடுக்கிலும் மிதியடியிலும் இருக்கும், அந்தக் கூட்டிலிருந்து பிறகும் பூச்சி வந்துகொண்டே இருக்கும். பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள்.