மதுரை – கொழும்பு ஃப்ளைட்ல கீழக்கரை தெரியணும்னா எந்தப் பக்க சீட்?

கீழக்கரையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. உம்மாவை முதல் தடவையா ஃப்ளைட்ல கூட்டிட்டுப் போறாராம், மதுரையில ஏறி கொழும்பு, மேல இருந்து நம்ம ஊரையும் கடலையும் காட்டணும், எந்த ஜன்னல் சீட் எடுக்கிறதுன்னு.

போறப்ப இடது பக்கம், ஏ சீட். திரும்பி வர்றப்ப வலது பக்கம், எஃப். மேப்பை எடுத்து மதுரைக்கும் கொழும்புக்கும் நேரா ஒரு கோடு போட்டுப் பாருங்க, அது கமுதி பக்கமா வந்து சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவுல எங்கயோ கரையைத் தாண்டும், ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன் எல்லாமே அந்தக் கோட்டுக்குக் கிழக்கதான் கிடக்கு. ரூட் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும், அதனால முந்தின நாள் அதே ஃப்ளைட் எப்படிப் போச்சுன்னு விமானம் போற பாதையைக் காட்டுற ஃப்ளைட்ரேடார் ஆப்ல ஒரு தடவை பாத்துக்கங்க.

ஒண்ணு கவனிங்க, இதெல்லாம் ஏறி கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். சீட் பெல்ட் லைட் அணையட்டும், டீ வரட்டும்னு இருந்தா ஊர் போயிரும். முதல்ல கண்மாய்களா வரும், மழை பெஞ்ச வருஷம்னா தண்ணி மின்னும், இல்லாட்டி வெறும் கருவேலப் பச்சைதான். கமுதிகிட்ட கருநீலமா கட்டம் கட்டமா ஒரு பெரிய பரப்பு தெரிஞ்சா அது 2016ல வந்த 648 மெகாவாட் சோலார் பிளான்ட், ஆனா சரியா நமக்கு அடியில வந்துட்டா தெரியாது. அடுத்து வெள்ளையா வாலிநோக்கம் உப்பளம். அது கண்ணுல பட்டதும் கரையோரமாவே கிழக்க பாக்கச் சொல்லுங்க, ஏர்வாடி தாண்டி அடுத்து கரையை ஒட்டி நெருக்கமா வீடு தெரியறதுதான் உங்க ஊரு, எதிர்ல கடல்ல அப்பா தீவு. மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடியில இருந்து பாம்பன் வரைக்கும் இந்த மாதிரி 21 தீவு, சுத்தி இருக்கிற பவளப்பாறைப் பகுதியில மட்டும் தண்ணி வெளிர் பச்சையா இருக்கும். பாம்பன், தனுஷ்கோடி எல்லாம் இந்த ரூட்ல ரொம்ப தூரம், வானம் தெளிவா இருந்தா ஒரு கோடு மாதிரி தெரியும், அதை நம்பி உம்மாகிட்ட எதுவும் சொல்லி வைக்காதீங்க.

தனுஷ்கோடிதான் பாக்கணும்னா சென்னை – கொழும்பு ஃப்ளைட், அங்க பக்கம் அப்படியே மாறிரும். அது கிட்டத்தட்ட நேர் தெற்கா இறங்கி மன்னார் பக்கமா போறதால, வலது பக்க எஃப் சீட்லதான் தனுஷ்கோடியோட கடைசி முனையான அரிச்சல்முனையும் தலைமன்னார் வரைக்கும் போற மணல் திட்டுகளும். என்னைக் கேட்டா நம்ம கரையைப் பாக்க அதை விட நல்ல ஃப்ளைட் கிடையாது, ஆனா கீழக்கரைக்காரர் இதுக்காக சென்னை போறதெல்லாம் வேண்டாத வேலை.

வெயிலும் முக்கியம். மதுரையில காலையில கிளம்பினா ஏ பக்கம் சூரியன் எதிர்ல அடிக்கும், கடல் பூரா தகரமா பளபளக்கும், நிறம் தெரியாது. மத்தியானத்துக்கு மேல கிளம்பற ஃப்ளைட் கிடைச்சா அதை எடுங்க. ஐப்பசி கார்த்திகையில மேகம்தான் பாக்கணும், மாசி பங்குனி நல்லது.

இனி வரிசை. ஏர்பஸ் 320 மாதிரி ஜெட்ல நடு வரிசைகள் எல்லாம் றெக்கை மேலதான், கீழ ஒண்ணும் தெரியாது. றெக்கைக்கு முன்னாடி கிடைச்சா நல்லது, காசு கூடக் கேட்டா கடைசி அஞ்சாறு வரிசை போதும், அங்க என்ஜின் சூட்டுல போட்டோ கொஞ்சம் அலையடிக்கும், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. கால் நீட்ட இடம்னு எமர்ஜென்சி வரிசையை எடுத்துறாதீங்க, அதுவும் றெக்கை மேலதான், வயசானவங்களை அங்க உக்கார விடவும் மாட்டாங்க. வெப் செக்கின் திறந்ததுமே உம்மாவுக்கு ஏ, உங்களுக்குப் பக்கத்துல பி போட்ருங்க, இது எந்த இடம்னு சொல்ல ஆள் வேணும்ல.