வாசகர் கேள்வி: குளத்து உயிர் அம்பருக்குள் போனது எப்படி?

கேள்வி: மரத்தில் வழிந்த பிசினில் எறும்பும் கொசுவும் ஒட்டிக்கொண்டு அம்பரானதைப் படித்திருக்கிறேன். தண்ணீரில் வாழும் இறால் இனத்துச் சிற்றுயிர்களும் அம்பரில் கிடைத்ததாக என் மகள் சொல்கிறாள். தண்ணீரில் இருப்பது மரத்தில் எப்படி ஏறும் ஐயா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: உங்கள் மகள் சொன்னது சரிதான் அம்மா. அவை மரத்தில் ஏறவே இல்லை, பிசின்தான் தண்ணீரில் இறங்கியது. அலெக்சாண்டர் ஷ்மிட், டேவிட் டில்ச்சர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். ஃபுளோரிடாவின் சதுப்புக் காட்டில் பைன் மரப் பட்டையை அறுத்துப் பிசினைத் தண்ணீருக்குள் வழியவிட்டார்கள். தண்ணீருக்குள்ளும் அதன் பிசுபிசுப்பு போகவில்லை. நீர்வண்டுகளும், இறால் இனத்தைச் சேர்ந்த குட்டி ஓட்டுடலிகளும் நீந்தி வந்து மாட்டிக்கொண்டன. 2007இல் இதை வெளியிட்டார்கள். தண்ணீர் வற்றினால் அந்தப் பிசின் இறுகும். அப்புறம் மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து அம்பராகிவிடும்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்டிரகாட் என்ற குட்டி ஓட்டுடலி. அதைத் தேடி எங்கும் போக வேண்டாம். நெல்வயலில் தேங்கிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிதாக, பாசிப்பயறு போல வழுவழுவென்று ஒன்று விறுவிறுவென ஓடும். லென்ஸில் பார்த்தால் இரண்டு ஓடுகளும், அவற்றின் இடுக்கில் நீண்டு துடுப்புப் போடும் மெல்லிய உணர்கொம்புகளும் தெரியும். சீண்டினால் அந்த ஓடுகளைச் சட்டென்று மூடிக்கொள்ளும்.

பாறையில் இதன் புதைபடிவம் ஏராளம், ஆனால் பெரும்பாலும் வெறும் ஓடுதான். உள்ளே இருந்த உடல் அழுகிப் போயிருக்கும். அம்பரின் அருமை இங்கேதான். மியான்மரின் கச்சின் மாநிலத்தில் கிடைத்த, சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையான ஒரே துண்டில் 39 ஆஸ்டிரகாடுகள் இருந்தன. அவற்றில் 31 ஒரு புதிய இனம். மியான்மர்சைப்ரிஸ் ஹூய் என்று பெயர் வைத்தார்கள். சீனாவின் வாங் ஹே குழுவினர் அதை உடைக்காமலே உள்ளே பார்க்க உதவும் மைக்ரோ சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்தபோது, ஒரு பெண் உயிரின் உடலுக்குள் முட்டைகளும் விந்தணுக்களும் அப்படியே இருந்தன! பிசினில் சிக்குவதற்குச் சற்று முன்புதான் அது இணை சேர்ந்திருக்க வேண்டும். உடலே 0.6 மில்லிமீட்டர்தான், விந்தணுவோ குறைந்தது 0.2 மில்லிமீட்டர். மனித விந்தணுவைப்போல நான்கு மடங்கு நீளம். 2020இல் இது வெளியானபோது, அதுவரை தெரிந்த மிகப் பழைய விலங்கு விந்தணுவின் வயது சுமார் 5 கோடி ஆண்டுகள்தான்.

கேள்வி: இப்படி உயிர் சிக்கிய பர்மா அம்பர் இணையத்தில் விற்பனைக்கு வருகிறதே, வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம் தம்பி. கச்சின் மக்களின் போராளிகளுக்கும் ராணுவத்துக்கும் நடக்கும் சண்டையின் நடுவே தோண்டப்படும் பொருள் அது. 2017இல் அந்தச் சுரங்கப் பகுதியை ராணுவம் கைப்பற்றியது, அங்கிருந்தவர்கள் விரட்டப்பட்டார்கள். அதன்பின் வந்த அம்பர் பற்றிய கட்டுரைகளை நிறுத்திவையுங்கள் என்று முதுகெலும்பிப் புதைபடிவ ஆய்வாளர் சங்கம் 2020இல் ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. உங்களுக்கு ஆர்வம் இருந்தால் நல்ல லென்ஸ் ஒன்று வாங்குங்கள். உங்கள் ஊர்க் குளங்களிலேயே ஆஸ்டிரகாட் இருக்கிறது.