எக்கோவில் இ.எஃப் 62, ஆனாலும் கால் வீக்கம்: வலது இதயத்தை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், நாற்பது வருஷமாக சிகரெட். இரண்டு காலும் வீங்குகிறது, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஈப்போவில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தோம். இ.எஃப் 62, இதயம் நல்லா இருக்கு என்றார்கள். ஆனால் ரிப்போர்ட்டின் அடியில் டாப்சி 13 மி.மீ. என்று இருக்கிறது. அது என்ன?

பதில்: இ.எஃப் என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. வலது பக்கத்தைப் பற்றி அது வாயே திறக்காது. வலது பக்கம் தளர்ந்தால் ரத்தம் பின்னால் தேங்கிக் கால் வீங்கும். அப்பாவின் ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டியது நீங்கள் பார்த்த அந்த அடி வரிதான்.

இடது கீழறை ஏறக்குறைய தேங்காய் வடிவம். அதன் கொள்ளளவைக் கணக்கிடுவது சுலபம். வலது கீழறையோ பிறை மாதிரி இடது பக்கத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒரே கோணத்தில் முழுசாகப் பிடிபடாது. அதனால் அது எவ்வளவு அசைகிறது என்று அளக்கிறார்கள். அதன் தசைநார்கள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், துடிக்கும்போது மூவிதழ் வால்வின் விளிம்பு இதய நுனியை நோக்கி இறங்கும். எத்தனை மி.மீ. இறங்குகிறது என்பதே டாப்சி. 17க்குக் கீழே போனால் குறைவு. 13 நன்றாகவே குறைவு.

ஆனாலும் டாப்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. அளக்கும் கோடு விளிம்பு அசையும் திசைக்குச் சாய்வாக விழுந்தால் எண் குறைத்துக் காட்டும். பைபாஸ் ஆன ஆளுக்குத் தசை நன்றாக இருந்தாலும் டாப்சி குறைந்தே இருக்கும். வால்வு பலமாக ஒழுகினால் தலைகீழ்: தளர்ந்த இதயம்கூடத் துள்ளுவதுபோல் தெரியும். ஆகவே பக்கத்து வரிகளையும் பாருங்கள். எஸ்-பிரைம் (அந்த விளிம்பு இறங்கும் வேகம்) விநாடிக்கு 9.5 செ.மீ.க்குக் கீழே, துடிக்கும்போது வலது கீழறையின் பரப்பளவு மாற்றம் 35 சதவீதத்துக்குக் கீழே, அதன் அடிப்பகுதி அகலம் 41 மி.மீ.க்கு மேலே என்று இரண்டு மூன்று எண்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் வலது இதயம் தளர்ந்திருக்கிறது என்ற சந்தேகம் உறுதியாகிறது. இடைச்சுவர் தட்டையாகி, இடது அறை ஆங்கில 'டி' எழுத்துபோல் தெரிகிறது என்று எழுதியிருந்தால், வலது பக்கம் அழுத்தத்திலோ ரத்தத்தின் அளவிலோ திணறுகிறது.

அடுத்தது நுரையீரல் தமனி அழுத்தம். மூவிதழ் வால்வில் பின்னோக்கி ஒழுகும் ரத்தத்தின் வேகத்தை அதே எண்ணாலும் பிறகு நான்காலும் பெருக்கி எடுப்பார்கள். உதாரணத்துக்கு வேகம் விநாடிக்கு 3.5 மீட்டர் என்றால் 3.5 × 3.5 × 4 = 49 மி.மீ. பாதரசம். அதோடு வலது மேலறை அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இங்கேதான் பிழை நுழைகிறது, ஏனென்றால் அந்த அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. கல்லீரலை ஒட்டி இதயத்துக்குப் போகும் கீழ்ப்பெருஞ்சிரையைப் பார்த்து ஊகிக்கிறார்கள். 21 மி.மீ.க்குள் இருந்து, மூக்கை உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் 3. அகலமாக இருந்து சுருங்காவிட்டால் 15. இரண்டும் கெட்டான் என்றால் 8. நம் உதாரணத்தில் 49 + 15 = 64; அது மிக அதிகம்.

அந்த உறிஞ்சலை நோயாளி சரியாகச் செய்ய வேண்டும். "தாரிக் நாபாஸ்" (மூச்சை இழுங்கள்) என்றதும் பெரியவர்கள் நெஞ்சு நிறைய இழுத்துவிடுவார்கள். அப்போது சிரையே படத்தின் தளத்தைவிட்டு நகர்ந்து, சுருங்கியதுபோல் பொய் காட்டும். சளி ஒழுகும்போது உறிஞ்சுவதுபோல் 'சர்'ரென்று ஒருமுறை, அவ்வளவுதான். வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். காலையில் லாசிக்ஸ் (நீர் பிரியும் மாத்திரை) போட்டுவிட்டுப் போனால் சிரை சிறுத்திருக்கலாம், எடுப்பவரிடம் சொல்லுங்கள். சிகரெட் புகையால் ஊதிப்போன நுரையீரல் ஒலி அலையை மறைக்கும் என்பதால், வயிற்றுக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே புரோபை வைத்தும் பார்ப்பார்கள். இன்னொன்று: வலது இதயம் மிகவும் தளர்ந்த கட்டத்தில் அந்த நுரையீரல் அழுத்த எண் இறங்கிவிடும். அது குணம் அல்ல, தள்ள பலமில்லை.

மெஷின் இல்லாமலும் பார்க்கலாம். 45 பாகை சாய்ந்து படுத்திருக்கும்போது, கழுத்துச் சிரையின் துடிப்பு மார்பெலும்பு மேட்டிலிருந்து 3 செ.மீ.க்கு மேல் தெரிந்தால் வலது மேலறையில் அழுத்தம் கூடியிருக்கிறது. வயிற்றை பத்து விநாடி அழுத்தும்போது அது ஏறி, இறங்காமல் நின்றால் சந்தேகம் இன்னும் கூடும். எந்தக் கிளினிக்கிலும் டாக்டர் இதைச் செய்யலாம், அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

காரணம் இதயத்துக்கு வெளியே இருக்கலாம். நாற்பது வருஷ சிகரெட்டுக்கு முதலில் ஊதும் பரிசோதனை, எக்ஸ்ரே, ஆக்ஸிஜன் அளவு. பழைய காசநோய்த் தழும்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். நுரையீரலில் பழைய ரத்தக்கட்டி இருக்கிறதா என்று வென்டிலேஷன்–பெர்ஃபியூஷன் ஸ்கேன் காட்டும். இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள், இ.எஃப் நன்றாக இருந்தும் இடது இதயம் விறைத்துப்போய்ப் பின்னால் அழுத்தம் ஏற்றுவது உண்டு. எல்லாம் பார்த்தும் விளங்காவிட்டால் கதீட்டர் (மெல்லிய குழாய்) விட்டு நேரடியாக அளப்பார்கள். அதில் தமனியின் சராசரி அழுத்தம் 20க்கு மேல் என்றால்தான் நுரையீரல் அழுத்த நோய் உறுதி.

அடுத்த அப்பாய்ன்மென்டுக்கு எக்கோ ரிப்போர்ட்டின் முழு நகல், தினமும் காலையில் எடுத்த எடைக் குறிப்பு, மாத்திரை அட்டை எல்லாம் கொண்டுபோங்கள். அதற்குள் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினாலோ, மயங்கி விழுந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ அந்தத் தேதிவரை காத்திருக்காதீர்கள், 999 (மலேசிய அவசர எண்) அழையுங்கள்.