பேச்சுப்போட்டிக்கு பர்மாவோட ஐராவதி டெல்டாவையே எடுத்துக்கோங்க தம்பி

தம்பி, "நிலமும் மழையும்தான் கலாச்சாரத்த உருவாக்குது"ன்னு பொண்ணு பேசணும், பர்மா உதாரணம் கிடைக்கலன்னு கேட்டிருந்தீங்க, எங்கயும் தேட வேணாம், ஐராவதி டெல்டாவையே எடுத்துக்கோங்க. மழைக்கு தண்ணி ஏறும்னுதான் அங்க வீடெல்லாம் உயரமான மரத்தூண் மேல நிக்குது, மீன் ஏராளமா கிடைக்கும் ஆனா அந்த ஈரத்துல கெட்டுப்போகும், அதான் உப்பு போட்டு நொதிக்க வச்சு ஙாப்பிங்கற மீன் விழுது ஆக்கிட்டாங்க. நடு பர்மால இருக்குற பகான் பக்கம் மழை கம்மி, எள்ளு, கடலை, பனைவெல்லம்னு சாப்பாடே வேற. மழைக்காலத்துல மூணு மாசம் பிக்குகள் ஊர் சுத்தாம மடத்துலயே இருப்பாங்க, அந்த நாள்ல பர்மா பௌத்தர்கள் கல்யாணமே வைக்க மாட்டாங்க, இத கண்டிப்பா சொல்லச் சொல்லுங்க, நல்லா எடுபடும்.

ஆனா எல்லாத்தையும் மழையே முடிவு பண்ணுதுன்னு பேச விடாதீங்க, எதிர் டீம் மடக்கிடும். 1852க்கு முன்னாடியும் அதே ஆறு, அதே மழை, டெல்டால பெரும்பகுதி காடும் சதுப்பும்தான். அந்த வருஷம் பிரிட்டிஷ்காரன் பிடிச்சு, செட்டியார் கடன் குடுத்து, பர்மா விவசாயியும் நம்ம கூலி ஜனங்களும் உழைச்ச பிறகுதான் அது உலகத்துக்கே அரிசி அனுப்புற இடமாச்சு, வயல் பக்கத்துல நம்ம கோயில்கள் வந்ததும் அப்படித்தான்.

எந்த கிளாஸ்னு சொல்லுங்க, அதுக்கு ஏத்த மாதிரி சுருக்கி எழுதித் தர்றேன்.