ஈயக் குண்டு வார்ப்பவர்கள் கேட்டவை

அமெரிக்காவில் வீட்டிலேயே ஈயம் உருக்கிக் குண்டு வார்த்துத் தோட்டா நிரப்புகிறவர்கள், அதில் இறங்கலாமா என்று யோசிப்பவர்கள் இரண்டு தரப்பும் கேட்டிருக்கிறீர்கள். கேட்ட வரிசையிலேயே போகிறேன்.

அண்ணா, உருக்கும்போது வரும் புகைதானே ஆபத்து? மாஸ்க் போட்டால் போதுமா?

போதாது தம்பி. புகையைவிடக் கைதான் பெரிய ஆபத்து. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், கொதிப்பதற்கு 1749 வேண்டும். நாம் வார்ப்பது 400ஐ ஒட்டித்தான், அந்தச் சூட்டில் ஆவியாகிற ஈயம் மிகக் குறைவு. ஆனால் மேலே மிதக்கும் கசடை வழிக்கும்போது தூள் பறக்கும், அது விரலில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், அப்படியே சாப்பாட்டுக்குப் போகும். இதைவிட மோசமான இடம் ஒன்று இருக்கிறது, பலரும் கவனிப்பதே இல்லை: சுட்ட கேஸ்களை, அதாவது தோட்டாவின் காலிக் கூடுகளை, போட்டுச் சுத்தமாக்கச் சுற்றும் டம்ளர் எந்திரம். தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்ற வைக்கும் பிரைமர்கள் பெரும்பாலானவற்றில் ஈய உப்பு இருப்பதால் அந்தத் தூசி முழுக்க ஈயம். அதை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், முடிந்தால் தண்ணீர் ஊற்றிச் சுற்றும் வகைக்கு மாறுங்கள். வேலை முடிந்ததும் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். வருடம் ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள், ஏனென்றால் எலும்பில் சேர்ந்த ஈயம் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2021இல் வைத்த கவன அளவு ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம்தான்.

பழைய கார் பேட்டரி ஈயம் மலிவாகக் கிடைக்கிறது. உருக்கலாமா?

வேண்டாம். ஆசிட் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தகடுகளில் கால்சியம், ஆன்டிமனி, சிலவற்றில் ஆர்சனிக்கும் உண்டு. அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆளைக் கொல்லும் வாயு வரலாம்.

சக்கரத்தில் ஒட்டும் எடைக் கட்டிகளைப் போட்டேன், குண்டு அச்சில் சரியாக நிரம்பவே இல்லை.

துத்தநாகம் கலந்திருக்கும். இப்போது நிறைய கட்டிகள் ஈயமே இல்லை, கலிஃபோர்னியாவில் 2010 முதலே ஈயக் கட்டிக்குத் தடை. துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும், எனவே தெர்மாமீட்டர் வைத்து அதற்குக் கீழேயே உருக்குங்கள், அது மிதக்கும், அள்ளி எறியலாம். கலந்துவிட்டால் அந்தச் சட்டியைக் குண்டுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

குண்டு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லதுதானே? துப்பாக்கிக் குழலில் ஈயம் அப்பாது இல்லையா?

அப்படி இல்லை. கெட்டித்தனத்தைக் காட்டும் பிரினெல் அளவில் சுத்த ஈயம் 5 சுமார், அச்சுக்கூட லைனோடைப் உலோகம் (ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 பங்கு) 22 சுமார். பலரும் நேராக லைனோடைப்புக்கு ஓடுகிறார்கள். குழலில் ஈயம் அப்புவதற்குப் பெரும்பாலும் காரணம் அளவு பொருந்தாததுதான்: குண்டு ஒல்லியாக இருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரித்துக் குழல்மேல் பூசிவிடும். முதலில் குழலை அளந்து பாருங்கள், குண்டு அதைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு கூடுதலாக இருக்கட்டும். கெட்டித்தனத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தோட்டாவில் எவ்வளவு வெடிமருந்து போடுவது என்று சொல்லுங்களேன்?

சொல்ல மாட்டேன். குண்டு, கேஸ், பிரைமர், துப்பாக்கி இதில் ஒன்று மாறினாலும் அளவு மாறும். அச்சிட்ட கையேட்டில் உங்கள் குண்டுக்கே உரிய பக்கத்தைப் பாருங்கள், தொடக்க அளவிலிருந்து மேலே போங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மதுரையில் இதைச் செய்யலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம்.

வேட்டைக்கு ஈயக் குண்டு தவறா?

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே தடை. 1982இல் 22 கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகள்தான் மிஞ்சியிருந்தன, இன்றும் அவற்றை அதிகம் கொல்வது இரையில் கிடக்கும் ஈயத் துணுக்குகள்தான். மெதுவாகப் போகும் வார்ப்புக் குண்டு, வேகமான ரைஃபிள் குண்டுபோல் அவ்வளவு சிதறாது என்பது உண்மைதான், ஆனாலும் காண்டோர் பறக்கும் மாநிலங்களில் செம்புக் குண்டையே எடுங்கள், இலக்குச் சுடுவதற்கு ஈயம் இருக்கட்டும்.

மழைத் தூறலில் வெளியே வார்க்கலாமா?

கூடவே கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்துக்கு அடியில் போனால் நொடியில் ஆவியாகிச் சட்டி ஈயத்தையே முகத்தில் அடிக்கும். புதுக் கட்டியைப் போடும் முன் சட்டி ஓரத்தில் வைத்துச் சூடாக்கி ஈரம் போக்குங்கள். முகக் கவசம், முழுக்கைச் சட்டை, தோல் ஷூ இல்லாமல் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.