ஸ்டீல் வைத்த காலும் கீல் ஊர் டாக்டரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தக்கலை பக்கம் பைக்கில் விழுந்ததில் என் மகனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே ஸ்டீல் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள், எங்களுக்குத்தான் பயம். இதை முதலில் செய்தது ஒரு ஜெர்மன் டாக்டர் என்கிறார்களே, யார் அவர்?
- வாசகி, அழகியமண்டபம்

பதில்: பையன் மூன்றாம் நாளே நின்றான் என்றால் பயப்படாதீர்கள் அம்மா, அந்த டாக்டர் ஆசைப்பட்டதே அதற்குத்தான். பெயர் கெர்ஹார்ட் குன்ட்ஷர். எலும்புக்குள் இறக்கும் இந்த ஸ்டீல் ஆணியைப் பழைய எலும்பு டாக்டர்கள் ‘கே நெயில்’ என்பார்கள், அந்தக் ‘கே’ இவர்தான்.

அவருக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அருமை புரியும். என் சித்தப்பா எழுபதுகளில் சக்கை பறிக்க ஏறி விழுந்து தொடையை ஒடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, காலில் கயிறு கட்டி, அதைக் கட்டில் விளிம்பில் இருந்த கப்பி வழியாக இறக்கி, நுனியில் துணி சுற்றிய செங்கற்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். யாராவது தெரியாமல் கட்டிலில் இடித்துவிட்டால் கல் ஆடும், சித்தப்பா கத்துவார். மூன்று மாதம். முதுகில் புண், முழங்கால் மடங்காமல் போனது, கடைசியில் ஒரு கால் அரை அங்குலம் குட்டை. குன்ட்ஷரின் ஆணி வந்து முப்பது வருடம் கழித்தும் எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் இதுதான் வைத்தியம்.

சரி, அவர் கதைக்கு வருவோம். 1900 டிசம்பரில் சாக்சனியின் ட்ஸ்விக்காவ் ஊரில் பிறந்தவர். வேலை பார்த்தது ஜெர்மனியின் வடக்கே, பால்டிக் கடற்கரையில், கீல் நகரப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில். (நம் மொழியில் கீல் என்றால் மூட்டு. எலும்பு டாக்டருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எங்கே கிடைக்கும்!) தொடை எலும்பு பப்பாளித் தண்டு மாதிரி, நடுவில் குழல், அதற்குள் மஜ்ஜை. அந்தக் குழலுக்குள்ளேயே நீளமான உலோக ஆணியை மேலிருந்து அடித்து இறக்கிவிட்டால் உடைந்த இரண்டு துண்டும் ஒரே கோட்டில் நிற்கும், ஆளை எழுப்பி நடக்க வைக்கலாம், இவ்வளவுதான் அவர் யோசனை. ஒரு தச்சனிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் அப்படி எளிதில்லை. முதல் உலகப் போர்க் காலத்திலேயே இங்கிலாந்தின் ஹே க்ரோவ்ஸ் முயன்று பார்த்தார், சீழ் பிடித்தும் உலோகம் ஒத்துக்கொள்ளாமலும் கைகூடவில்லை. குன்ட்ஷர் காலத்தில் துருப்பிடிக்காத எஃகு வந்துவிட்டது, கூடவே எர்ன்ஸ்ட் போல் என்ற கீல் நகரத்துப் பொறியாளரும் கிடைத்தார். முதலில் வெட்டுமுகம் ‘வி’ எழுத்து மாதிரி இருந்த ஆணி, பிறகு புளியாரை இலை போல மூன்று மடலாக மாறியது. அதில் நெடுக ஒரு பிளவு விட்டிருப்பார்கள். அடித்து இறக்கும்போது ஆணி சுருங்கும், உள்ளே போனதும் விரிந்து எலும்புச் சுவரைக் கவ்விக்கொள்ளும்.

இன்னொன்று, முறிந்த இடத்தை அவர் திறக்கவில்லை. இடுப்புக்குப் பக்கத்தில் சின்னதாகக் கீறி, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இறக்கினார். முறிவைச் சுற்றிக் கட்டியிருக்கும் ரத்தமும் சதையும்தான் எலும்பு ஒட்டுவதற்கு உரம், அதைக் கலைக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். எனக்கு ஆணியைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

1939 நவம்பரில் கீலில் முதல் ஆணி. 1940 மார்ச்சில் பெர்லினில் அறுவை மருத்துவர் மாநாட்டில் சொன்னபோது கேலிதான் மிச்சம். மஜ்ஜைக்குள் கம்பியைத் தள்ளினால் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்காதா என்றார்கள், அது வெறும் வயிற்றெரிச்சல் இல்லை, இன்றும் டாக்டர்கள் அஞ்சுகிற ஆபத்துதான். பிறகு போர் அவரை ஃபின்லாந்தின் வடகோடிக்கு ராணுவ டாக்டராகக் கொண்டுபோனது, அங்கிருந்த டாக்டர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அவர் ஹிட்லரின் படையில் வேலை பார்த்தவர் என்பதையும் மறைக்க வேண்டாம், படுத்த சிப்பாய் சீக்கிரம் எழுந்தால் ராணுவத்துக்குத்தானே லாபம். ஆனால் சேதி வெளியே போனது புத்தகம் வழியாக அல்ல, கால் வழியாக! ஜெர்மனியில் கைதியாக இருந்து வீடு திரும்பிய அமெரிக்க, பிரிட்டிஷ் வீரர்களின் தொடையில் எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே ஒரு நீளக் கம்பி. அங்கிருந்த டாக்டர்கள் வாயைப் பிளந்தார்கள், 1945-இல் டைம் பத்திரிகையிலும் வந்தது.

1957 முதல் 1965 வரை ஹம்பர்க் துறைமுக ஆஸ்பத்திரியின் தலைமை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1972 டிசம்பரில் தன் புத்தகத்தின் புதிய பதிப்பைத் திருத்திக்கொண்டிருந்தவர், எழுதும் மேசையிலேயே இறந்துகிடந்தார். உங்கள் மகன் எக்ஸ்ரேயில் ஆணிக்குக் குறுக்கே மேலும் கீழும் ஸ்க்ரூ தெரியும், பாருங்கள். எலும்பு நொறுங்கியிருந்தால் வெறும் ஆணி போதாது, கால் திரும்பும், குறுகும். அதைச் சரிசெய்யப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது அது.

கேள்வி: அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததா?
- வாசகர், குளச்சல்

பதில்: இல்லை. கொடுத்திருக்கலாம்.

கேள்வி: வர்ம ஆசான்கள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. அவர்கள் கட்டும் கட்டுக்கு மதிப்பே இல்லையா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: யார் சொன்னது? விலகாத மணிக்கட்டு முறிவுக்கு மூங்கில் தப்பையும் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் வைத்துக் கட்டி, நன்றாக ஒட்டிய கைகளை நானே பார்த்திருக்கிறேன். அசையாமல் வைத்திருந்தால் எலும்பு தானே ஒட்டும், மாவுக்கட்டும் அதைத்தான் செய்கிறது. ஆனால் தொடை வேறு. உடம்பிலேயே பெரிய தசைகள் அங்கே இருக்கின்றன, உடைந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்று இழுத்து ஏற்றிவிடும், வெளியிலிருந்து எந்தத் தப்பையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. உள்ளுக்குள்ளேயே ஒன்றரை லிட்டர் ரத்தம்கூடப் போகலாம். தொடை ஒடிந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். அப்புறம், யார் கட்டினாலும் சரி, விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். மறுநாள் பார்ப்போம் என்று இருந்து காலையே இழந்தவர்கள் உண்டு. நல்ல ஆசான்களும் இதைத்தான் சொல்வார்கள்.

கேள்வி: எலும்பு ஒட்டிய பிறகு ஸ்டீலை எடுத்தே ஆக வேண்டுமா? வளைகுடா வேலைக்குப் போகிறேன், ஏர்போர்ட்டில் மணி அடிக்குமோ?
- வாசகர், ராஜாக்கமங்கலம்

பதில்: தொந்தரவு இல்லையென்றால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வலித்தால், ஸ்க்ரூ தோலில் முட்டினால், எலும்பு முழுசாக ஒட்டிவிட்டதென்று டாக்டர் சொன்ன பிறகு எடுக்கலாம், பொதுவாக ஒன்றரை இரண்டு வருடம் கழித்து. மணி அடித்தாலும் அடிக்கும். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், பெட்டி உங்களுக்கு முன்னாலேயே உள்ளே போய்விடும்.