கிணற்றடிக்கு என்ன பூ?

கேள்வி: ஜேர்மனியில் இருக்கும் அக்கா வீட்டில், மரங்களின் கீழ் அஸ்டில்பே என்றொரு செடி குஞ்சம் குஞ்சமாக இளஞ்சிவப்பில் பூக்கிறது. ஈரநிலம்தான் அதற்கு விருப்பமாம். ஆடியில் வரும்போது கிழங்கு கொண்டுவரவா என்று கேட்கிறா. எங்கள் கிணற்றடியில் தண்ணீர் வழிந்தோடும் கானோரம் எந்நாளும் ஈரம், பக்கத்தில் மாமரமும் நிற்கிறது. வளருமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம் பிள்ளை. அஸ்டில்பே சீனா, ஜப்பான் பக்கத்து மலைக்காட்டு ஓடைக்கரைச் செடி. ஈரத்தோடு குளிரும் வேண்டும். பனிக்காலத்தில் மேற்பக்கம் காய்ந்துபோக, கிழங்கு மண்ணுக்குள் உறங்கித்தான் மறுபடி தளிர்க்கும். அந்த நாட்டிலேயே மண் காய்ந்தால் இலைவிளிம்பு கருகிவிடும். இங்கே சோளகம் வீசும்போது சின்னக் குளங்களே வெடித்துக் கிடக்கின்றன, அது என்ன செய்யும்? அதோடு, 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாத கிழங்கைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். அக்காவிடம் நல்ல கத்தரிக்கோல் ஒன்று கேளுங்கள், அதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

சரி, கானோரத்துக்குக் கல்வாழைதான் என் தெரிவு. குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத் தண்ணீரையும் தாங்கும். (பிளீச்சிங் பவுடர் தண்ணீரை மட்டும் வேறு பக்கம் திருப்புங்கள்.) முதல் மாரி மழையோடு, முளை மேலே பார்க்க, நாலு விரல் ஆழத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக வையுங்கள். அடியில் மக்கிய மாட்டெரு, மேலே தென்னம் பொச்சு. பொச்சு இல்லாவிட்டால் கோடையில் தண்ணீர் ஊற்றியே களைத்துப்போவீர்கள். பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது. அதை அடியோடு வெட்டிவிட்டால் பக்கத்துக் குருத்து வேகமாக எழும்பும்.

பாதிநாள் வெயிலாவது படுகிற பக்கம் பார்த்து வையுங்கள். மாமர நிழலுக்குள் வைத்தால் இலைதான் மிஞ்சும். அந்த இடத்துக்கு ஹெலிகோனியா பரவாயில்லை.

குருத்திலை விரியாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் இலைசுருட்டிப் புழு என்று வையுங்கள். மெல்லப் பிரித்துப் பார்த்தால் இலைக்குக் குறுக்கே ஒரே வரியில் ஓட்டைகள், உள்ளே கறுப்பு மணல் போல எச்சம், நடுவில் உடம்புக்குள் இருப்பதெல்லாம் தெரிகிற பச்சைப் புழு. நசுக்கிவிடுங்கள், மருந்தடிக்கத் தேவையில்லை.

புழுவைவிடப் பன்றிதான் கரைச்சல். கல்வாழைக் கிழங்கு மாப்பிடிப்பானது, ஒரு இரவில் வரிசையையே கிளறிவிடும். வேலியின் அடிப்பக்கத்தை இறுக்கமாக அடைத்துவிட்டு நடுங்கள். கிழங்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கல்வாழை நிற்கிற வளவில் கேட்டால் சாக்கு நிறையத் தருவார்கள்.